ஒட்டுக் கவிதை: கத்தரிக்கோலோடு தொடங்குகிறவர்களுக்கு

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு மே மாதப் பிற்பகல், மின்வெட்டு நேரம். தரையில் உட்கார்ந்து பதினேழு சொற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். இன்னும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஒட்டலாம் என்று நினைத்தேன். கரண்ட் வந்தது, விசிறி சுற்றியது. பதினாறு சொற்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்தும் பீரோவுக்குப் பின்னாலிருந்தும் பொறுக்கினேன். பதினேழாவது மறுநாள் காலை அம்மாவின் முறத்தில் கிடைத்தது. “இது உன்னோட குப்பையா, என்னோட குப்பையா?” என்று கேட்டார். அந்தச் சொல் ‘பிறகு’.

ஒட்டுக் கவிதை என்று நான் சொல்வது இதைத்தான். செய்தித்தாள், நாள்காட்டி, அழைப்பிதழ், துண்டறிக்கை என்று வேறு யாரோ வேறு எதற்கோ அச்சடித்த காகிதத்திலிருந்து சொற்களை வெட்டி, நம் இஷ்டப்படி அடுக்கி, ஒட்டிக் கவிதை ஆக்குவது. நீங்கள் சொந்தமாக ஒரு சொல்கூட எழுத வேண்டாம். எழுதக் கூடாது என்பதுதான் விதியே. வெற்றுத்தாளைப் பார்த்தால் கை உறைந்துபோகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஏற்கெனவே எழுதிப் பழகியவர்களுக்கு வேறு விதத்தில் நல்லது. பேனா பிடித்தாலே தானாக வந்து விழும் ‘நிலா’, ‘மௌனம்’, ‘வலி’ எல்லாம் நாளிதழில் அவ்வளவாகக் கிடைக்காது. ‘ஒப்பந்தப்புள்ளி’ கிடைக்கும், ‘மிதமான’ கிடைக்கும், ‘உரிய ஆவணங்களுடன்’ கிடைக்கும். அவற்றை வைத்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

முதல் நாள்: பை குலுக்குவது

முதல் நாளே நல்ல கவிதை செய்ய உட்காராதீர்கள். கை கூச்சம் போவதற்கு ஒரு விளையாட்டு உண்டு. டாடா என்ற ஐரோப்பியக் கலை இயக்கத்தைச் சேர்ந்த கவிஞர் திரிஸ்தான் ஜாரா 1920இல் சொன்ன செய்முறை அது. ஒரு செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல் எடு. உன் கவிதை எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளமுள்ள ஒரு செய்தியைத் தேர்ந்தெடு. சொல் சொல்லாக வெட்டிப் பையில் போடு, மெதுவாகக் குலுக்கு, ஒவ்வொன்றாக எடுத்து வந்த வரிசையிலேயே எழுதிக்கொள். வருகிற கவிதை உன்னைப் போலவே இருக்கும் என்று முடிக்கிறார். பாதி கிண்டல்தான், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது சூரிச் நகரத்தில் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கிய இயக்கம், அறிவார்ந்த பேச்சின் மேலிருந்த நம்பிக்கையை இழந்தவர்களின் இயக்கம்.

என் அனுபவத்தில் பையிலிருந்து வருகிற கவிதை என்னைப் போல இருந்ததே இல்லை. பெரும்பாலும் உளறலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உளறலுக்குள் எங்காவது இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கும், நீங்கள் யோசித்து வைத்திருக்கவே மாட்டீர்கள். எனக்கு ஒருமுறை ‘சில்லறை வெயில்’ என்று விழுந்தது. அந்த இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பையிலேயே திருப்பிப் போட்டுவிடலாம். கால் மணி நேர வேலை, அதற்கு மேல் வேண்டாம்.

தேவையான சாமான்

சிறிய கூர்முனைக் கத்தரி ஒன்று. சொல்லைச் சுற்றி நெருக்கமாக வெட்டுவதற்குப் பெரிய தையல் கத்தரி உதவாது. எழுத்துக்கு நடுவே வெட்ட வேண்டி வந்தால் கட்டர் பிளேடும் இரும்பு ஸ்கேலும். துண்டுகளை எடுத்து வைக்கப் புருவம் திருத்தும் இடுக்கி இருந்தால் பெரிய நிம்மதி. விரல் வியர்வையில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பசையில்தான் புதியவர்கள் தவறு செய்வார்கள். வெள்ளைப் பசை ஈரம் அதிகம், நாளிதழ்க் காகிதம் ஊறிச் சுருங்கி, பின்பக்க எழுத்து முன்னால் தெரிய ஆரம்பிக்கும். குளூ ஸ்டிக் போதும். வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை வேண்டாம், கரப்பான் பூச்சிக்குக் கவிதை ரொம்பப் பிடிக்கும்.

ஒட்டுவதற்கு அஞ்சலட்டை அளவில் தடித்த அட்டை, அதாவது 14க்கு 9 சென்டிமீட்டர். ஏன் இவ்வளவு சின்னது? பெரிய தாளில் ஒட்டினால் இடத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசை வரும், சொற்கள் பெருகும், கவிதை தளரும். இந்த அளவை நான் கண்டுபிடிக்கவில்லை. 2009இல் இலக்கிய நோபல் பெற்ற ஹெர்தா முல்லர் இப்படித்தான் செய்கிறார். பத்திரிகைகளிலிருந்து வெட்டிய சொற்களை அகர வரிசைப்படி இழுப்பறைகளில் சேர்த்து வைத்து, அஞ்சலட்டை அளவுள்ள அட்டைகளில் ஒட்டி, புத்தகம் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். பயணம் போன இடத்திலிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய அட்டைகளில் தொடங்கிய பழக்கம். ஜாராவும் இவரும் இரண்டு பேருமே ருமேனியாவில் பிறந்தவர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பையைக் குலுக்கியவரைவிட இழுப்பறையை ஒழுங்காக வைத்திருப்பவரிடமிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

காகிதம் எங்கே கிடைக்கும்

எங்கேயும். ஆனால் எல்லாக் காகிதமும் ஒரே மாதிரிச் சொல் தராது. நாளிதழின் அரசியல் பக்கம் வறண்ட நிலம். ‘கண்டனம்’, ‘வலியுறுத்தல்’, ‘பரபரப்பு’ எல்லாம் ஏற்கெனவே தேய்ந்துபோன சொற்கள், அட்டையில் ஒட்டினாலும் தேய்ந்தே தெரியும். வானிலைப் பெட்டி, வரி விளம்பரங்கள், ஏல அறிவிப்பு, மருத்துவக் கேள்வி பதில், சமையல் குறிப்பு ஆகியவைதான் விளைச்சல் நிலங்கள்.

தினசரி நாள்காட்டித் தாள் ஒரு பொக்கிஷம். கிழித்துப் போடுகிற அந்தச் சின்னத் தாளில் என்னென்ன இருக்கிறது பாருங்கள்: நல்ல நேரம், எமகண்டம், தேய்பிறை, கீழ்நோக்கு நாள், சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். அப்புறம் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன்: மறதி, அலைச்சல், ஆதாயம், பொறுமை, விரயம். ஒற்றைச் சொல்லாகவே வருவதால் வெட்டுவதும் சுலபம். ஒரு வாரத் தாளைச் சேர்த்து வைத்தால் மனித வாழ்க்கையின் பெயர்ச்சொற்கள் ஏறக்குறைய எல்லாமே கைக்கு வந்துவிடும்.

கல்யாண அழைப்பிதழில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ இருக்கிறது, ‘நிகழும் மங்களகரமான’ இருக்கிறது. தடித்த காகிதம், தங்க மசி, ஒட்டினால் பளிச்சென்று நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. எந்தக் காகிதத்தையும் வெட்டும் முன் திருப்பிப் பாருங்கள். ‘மனமகிழ்ந்து’ என்ற சொல்லுக்கு ஆசைப்பட்டு ஓர் அழைப்பிதழில் ஜன்னல் போட்டேன்; பின்பக்கம் மண்டபத்துக்கு வழி காட்டும் படம் இருந்திருக்கிறது. கல்யாணம் அடுத்த ஞாயிறு. அன்று வீட்டில் யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை, வேறு சில விஷயங்கள் கேட்டார்கள்.

பூச்சிமருந்து டப்பாவோடு வரும் மடிப்புத்தாள், மாத்திரையின் விவரத்தாள், பஸ்ஸில் ஒட்டும் எச்சரிக்கை வாசகம், ரசீதின் பின்பக்க நிபந்தனைகள் எல்லாம் சேரட்டும். சுவரிலும் வண்டியிலும் எழுதியிருப்பதை வெட்ட முடியாது. போனில் படம் எடுத்து அச்செடுத்துக்கொள்ளலாம், அல்லது நோட்டில் குறித்துக்கொண்டு கையால் எழுதலாம். கையால் எழுதினால் சொல் கடன் வாங்கியது என்று தெரியாது என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. போனிலேயே சொற்களை நகர்த்திச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் திரையில் எவ்வளவு சொல் வேண்டுமானாலும் கிடைக்கும். காகிதத்தில் உங்களிடம் ‘ஆனால்’ ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்தப் பஞ்சம்தான் வேலை செய்கிறது.

பழைய பேப்பர் எடுக்க வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. எங்கள் தெருவுக்கு வருபவர் ஓட்டை விழுந்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எடை குறையும் என்று சிரிப்பார்.

சொல் வாலோடு வரும்

இனிமேல்தான் முக்கியமான பகுதி. ஒட்டுக் கவிதை பற்றிய குறிப்புகளைப் பிற மொழிகளில் படித்துவிட்டு அப்படியே தமிழில் செய்யப் போனால் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஆங்கிலக்காரர் ‘வீடு’ என்ற சொல்லைத் தனியாக வெட்டுவார், ‘உள்ளே’ என்பதைத் தனியாக வெட்டுவார், வேண்டியபடி மாற்றிப் போடுவார். நம் செய்தித்தாளில் ‘வீடு’ அபூர்வம். ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டிலிருந்து’ என்றுதான் வரும். வாலை வெட்டினால் ‘வீட்டி’ மிஞ்சும், அது யாருக்கும் ஆகாது. ‘மரத்தை’யிலிருந்து ‘மரம்’ வராது. தமிழில் சொல்லை எடுக்கும்போதே அது யாரோடு உறவு என்பதையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். முதலில் இது பெரிய தொல்லையாகத் தெரியும். கொஞ்ச நாளில் இதுதான் கவிதையை ஓட்டிக்கொண்டு போகிறது என்று புரியும்.

ஒற்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடைக்குச்’ என்று ஒரு துண்டு கிடைக்கிறது. மூலத்தில் அடுத்து ‘சென்ற’ இருந்திருக்கும். இப்போது அந்த ‘ச்’ காற்றில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு வழி: பிளேடால் ‘ச்’சை நறுக்கிவிடலாம். அல்லது அதற்குக் கீழ்ப்படிந்து சகரத்தில் தொடங்கும் சொல்லைத் தேடலாம். நான் இரண்டாவது கட்சி. ‘கதவைத்’ என்ற துண்டு என்னிடம் ஒரு வாரம் கிடந்தது. ‘திறந்து’ போட்டால் செய்தி, ‘தட்டி’ போட்டால் எல்லோரும் எழுதுவது. ஒருநாள் ஒரு வங்கியின் துண்டறிக்கையில் ‘தயவுசெய்து’ கண்ணில் பட்டது. ‘கதவைத் / தயவுசெய்து’ என்று அடுத்தடுத்து வைத்ததும் பாதிக் கவிதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் வினையே தேவைப்படவில்லை. அந்த ‘த்’ இல்லாவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது.

அடுத்து வினைமுற்று. ‘வந்தான்’ என்று ஒட்டினால் ஆள் யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. செய்தி நடையில் ‘தெரிவித்தார்’, ‘கூறினர்’ ஏராளம், ஒன்றும் உதவாது. வாலில் ஆள் அடையாளம் இல்லாத சொற்கள்தான் தங்கம்: வேண்டும், கூடாது, இல்லை, போதும், முடியும், உண்டு. இவை மனிதனுக்கும் சரி, மழைக்கும் சரி, மாட்டுக்கும் சரி, ஒரே மாதிரி பொருந்தும். எங்கே கண்டாலும் வெட்டி வையுங்கள். அதே போல எச்சங்கள்: ‘உடைந்த’, ‘காத்திருந்து’, ‘போகாமல்’, ‘தெரிந்தே’. ‘உடைந்த’ என்பதற்குப் பிறகு எந்தப் பெயரை வைத்தாலும் ஏதோ ஒன்று நடக்கும். பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தபோது இப்படி ஒரு பயன் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சின்னச் சொற்களை மறந்துவிடாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் கண்ணைக் கவரும் பெரிய சொற்களாக வெட்டிக் குவிப்பார்கள். பிறகு உட்கார்ந்தால் இரண்டு சொற்களைக்கூட இணைக்க முடியாது, கல் இருக்கும், சாந்து இருக்காது. ‘போல’, ‘கூட’, ‘மட்டும்’, ‘ஆனால்’, ‘என்று’, ‘இன்னும்’ ஆகியவற்றைக் கைநிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நான்’, ‘நீ’ இரண்டும் செய்தியில் கிடைப்பது கஷ்டம். பேட்டிகளிலும் வாசகர் கடிதங்களிலும் ‘நான்’ இருக்கும். ‘நீ’க்குச் சிறுவர் பக்கம் போக வேண்டும். ‘உங்கள்’ விளம்பரங்களில் கொட்டிக் கிடக்கிறது.

அதனால் நான் சொற்களை அகர வரிசையில் வைப்பதில்லை. வாலைப் பார்த்துப் பிரிக்கிறேன். வாராந்திர மாத்திரை டப்பா, ஏழு அறை. ஞாயிறில் வேற்றுமை ஏற்காத பெயர்கள், திங்களில் ‘-இல்’, ‘-உக்கு’, ‘-ஐ’ ஏற்றவை, செவ்வாயில் எச்சங்கள், புதனில் ஆள் காட்டாத வினைகள், வியாழனில் முற்றுகள், வெள்ளியில் சின்னச் சொற்கள். சனியில் எதிலும் சேராதவை. சனிக்கிழமை அறைதான் எப்போதும் நிரம்பி வழியும்.

அடுக்கிப் பார்ப்பது

ஒரே மூலத்திலிருந்து எடுத்த சொற்களை வைத்துச் செய்தால் மூலத்தின் வாடை போகாது. முதல் முயற்சிக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வகைக் காகிதத்தை எடுங்கள். நான் செய்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். ஒன்று வானிலை அறிக்கை. இன்னொன்று ‘காணவில்லை’ விளம்பரம். தரையில் இருந்த துண்டுகள்: காணவில்லை, மாநிறம், கடைசியாக, நீல நிறச் சட்டை, அணிந்திருந்தார், தகவல் தெரிந்தவர்கள், இடியுடன் கூடிய மழை, வடமேற்குத் திசையில் நகர்ந்து, அடுத்த 24 மணி நேரத்தில், ஓரிரு இடங்களில், லேசானது முதல் மிதமானது வரை, பெய்யக்கூடும், கடலுக்குச் செல்ல வேண்டாம்.

முதலில் வந்தது இது:

இடியுடன் கூடிய மழை
நீல நிறச் சட்டை
அணிந்திருந்தார்
தகவல் தெரிந்தவர்கள்
கடலுக்குச் செல்ல வேண்டாம்

சிரிப்பு வருகிறது இல்லையா? அதுதான் சிக்கல். இது நகைச்சுவைத் துணுக்கு. இரண்டாம் முறை படித்தால் சிரிப்பும் வராது. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே ஒட்டிவிடுவார்கள். ஒட்டாதீர்கள், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்து நான் செய்த முதல் வேலை, ‘மழை’யை எடுத்துவிட்டது. மூலத்தின் தலைச்சொல் எதுவோ அதை எடுத்துவிட்டால் மற்ற சொற்கள் எல்லாம் அதைத் தேட ஆரம்பிக்கும். அடுத்த பிரச்சினை ‘அணிந்திருந்தார்’. அந்த ‘ஆர்’ இருக்கும்வரை அது ஒரு மனிதர்தான், வேறு யாராகவும் ஆக முடியாது. ‘அணிந்து’ மட்டும் வேண்டும். வெட்டலாம் என்றால் முடியாது, ‘து’வும் ‘இ’யும் சேர்ந்து ‘தி’ ஆகிக் கிடக்கிறது. கத்தரிக்குப் புணர்ச்சியைப் பிரிக்கத் தெரியாது. பழைய நாளிதழ்களைப் புரட்டி, ஹெல்மெட் பற்றிய ஒரு செய்தியிலிருந்து ‘அணிந்து’ எடுத்தேன். அப்புறம் ‘அடுத்த 24 மணி நேரத்தில்’ என்பதையும் எடுத்துவிட்டேன், நம்பிக்கைக்குக் கெடு வைக்க வேண்டாம் என்று தோன்றியது. கடைசியில் நின்றது:

காணவில்லை.
மாநிறம்.
கடைசியாக
நீல நிறச் சட்டை அணிந்து
வடமேற்குத் திசையில் நகர்ந்து
ஓரிரு இடங்களில்
லேசானது முதல் மிதமானது வரை
பெய்யக்கூடும்.

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘பெய்யக்கூடும்’ என்ற கடைசிச் சொல் ஆளுக்கும் பொருந்துகிறது, மேகத்துக்கும் பொருந்துகிறது. புதன் அறைச் சொல் அது.

எவ்வளவு நீளத் துண்டு எடுக்கலாம் என்று கேட்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று சொல் சரியான அளவு. ‘லேசானது முதல் மிதமானது வரை’ நான்கு சொல், அது யாருக்கும் சொந்தமில்லாத வாய்பாடு என்பதால் விட்டேன். ஒருவர் யோசித்து எழுதிய வாக்கியத்தை முழுசாக எடுத்தால் அது மேற்கோள், கவிதை அவருடையது.

எழுத்துருக்களைக் கலக்கும்போது அளவு வேண்டும். தலைப்பு எழுத்து, பொடி எழுத்து, சிவப்பு, மஞ்சள் என்று எல்லாம் சேர்ந்தால் பணம் கேட்டு மிரட்டும் கடிதம் மாதிரி ஆகிவிடும். ஒரு அட்டைக்கு ஒரு பெரிய சொல் போதும், மற்றவை அடக்கமாக இருக்கட்டும். இடைவெளியையும் விட்டுவையுங்கள். வாய்விட்டுப் படித்து, மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வரியை மடக்குங்கள்.

ஒட்டுவது கீழிருந்து மேலாக. கடைசிச் சொல்லை முதலில் ஒட்டினால் இடம் தட்டுப்படாது. பசையைத் துண்டுக்குத் தடவாமல் அட்டைக்குத் தடவுங்கள், சொல் கிழியாது. மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தி ஒரு இரவு விடுங்கள். நாளிதழ்க் காகிதம் சில மாதத்தில் பழுப்பாகிவிடும், அதற்குள் ஒரு நகல் எடுத்துவிடுவது நல்லது. எனக்குப் பழுப்பு பிடிக்கும், அது வேறு விஷயம்.

வெட்டாமல் அழிப்பது

கத்தரி வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. ஒரு பக்கத்தை எடுத்து, வேண்டிய சொற்களை விட்டுவிட்டு மற்றதைக் கறுப்பு மார்க்கரால் அடிப்பது. பிரிட்டன் ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966இல் மூன்று பென்னிக்கு ஒரு பழைய விக்டோரியா கால நாவலை வாங்கி, பக்கம் பக்கமாக ஓவியத்தால் மூடி, ஆங்காங்கே சில சொற்களை மட்டும் தெரியவிட்டார். ஐம்பது வருடம் அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

இதில் சொல்லின் வரிசையை மாற்ற முடியாது, மூலம் எப்படிப் போகிறதோ அப்படியே போக வேண்டும். அதனால் நீளமாக மூச்சு விடுகிற உரைநடை வேண்டும். தமிழில் அதற்கு நிலப் பத்திரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. மூலப் பத்திரத்தில் கை வைக்காதீர்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பழைய விற்பனைப் பத்திரத்தின் நகலில் பெயர்களையும் தொகையையும் முதலில் அடித்துவிட்டு, பென்சிலால் வேண்டிய சொற்களைச் சுற்றிவிட்டு, பிறகு மார்க்கரை எடுத்தேன். மிஞ்சியது:

இன்று முதல்
எனக்கு
யாதொரு பாத்தியமும் இல்லை
வாய்க்காலுக்குத் தெற்கு
பாதைக்குக் கிழக்கு
ஒரு வேப்பமரம்

பென்சிலில் சுற்றுவதை விட்டுவிடாதீர்கள். மார்க்கரில் தவறு செய்தால் திரும்ப வழியில்லை. ‘வேப்பமரம்’ முதல் நகலில் அப்படித்தான் போயிற்று.

வரிகளை ஒட்டுவது

சொல்லாக அல்லாமல் பழைய கவிதைகளின் வரிகளையே எடுத்துத் தைப்பதற்கு லத்தீனில் ‘செந்தோ’ என்று பெயர், ஒட்டுப்போட்ட துணி என்று அர்த்தம். நான்காம் நூற்றாண்டில் ஆசோனியஸ் என்பவர் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் வரிகளை மட்டும் வைத்து ஒரு கல்யாணக் கவிதை செய்தார். அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளை அப்படியே எடுப்பது அசட்டுத்தனம் என்று அவரே விதியும் சொல்லியிருக்கிறார்.

நம்மிடமும் பக்கத்துச் சொந்தம் உண்டு. பழமொழி நானூற்றில் ஒவ்வொரு வெண்பாவிலும் ஊரில் வழங்கிய ஒரு பழமொழி உட்கார்ந்திருக்கிறது. சிவஞான முனிவரின் சோமேசர் முதுமொழி வெண்பாவில் முதல் இரண்டடி அவருடையது, கடைசி இரண்டடி முழுக்க ஒரு குறள். மூன்று குறள்களிலிருந்து நான் தைத்துப் பார்த்தது:

நெருநல் உளனொருவன் இன்றில்லை
காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி
ஆறாதே

முதல் வரி நிலையாமையிலிருந்து, 336. இரண்டாவது காமத்துப்பால், 1227. பிரிந்திருக்கும் பெண்ணின் மாலை நேரத்து ஏக்கம். மூன்றாவது அடக்கமுடைமை, 129. நாவினால் சுட்ட வடு. மூன்றும் இடம் மாறியதும் ஒரு சாவு வீட்டின் மறுநாள் ஆகிவிட்டது. பிரிவின் நோய் துக்கத்தின் நோயாக மாறுவதற்கு நான் செய்தது மேலே ஒரு வரியை வைத்ததுதான்.

யாருடைய சொல் என்று எழுதுவது

ஒற்றைச் சொல் யாருக்கும் சொந்தமில்லை. வரியாக எடுத்தால் பெயர் சொல்ல வேண்டும். மணிமேகலையில் சாத்தனார் ‘தெய்வம் தொழாஅள்’ குறளை அப்படியே எடுத்து ஆளுகிறார். எடுத்த கையோடு ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவு போதும். உயிரோடு இருக்கிற, அல்லது அண்மையில் மறைந்த கவிஞர்களின் வரிகளை வைத்து வெளியிடுவதாக இருந்தால் அனுமதி கேளுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கும். சங்கப் பாடல்கள், குறள், நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துகள் ஆகியவற்றில் தொடங்கினால் இந்தக் கவலை இல்லை.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘காணவில்லை’ விளம்பரத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அவற்றிலிருந்து வாய்பாட்டுச் சொற்களை மட்டும் எடுங்கள். பெயர், ஊர், தேதி, படம் எதிலும் கத்தரி படக் கூடாது. தேடப்படுகிறவர் திரும்பி வந்தாரா என்று தெரியாத நாளிதழை நான் உடனே வெட்டுவதில்லை, சில மாதம் தள்ளிப்போடுகிறேன்.

அட்டையின் பின்பக்கம் சொற்கள் எந்தெந்தக் காகிதத்திலிருந்து வந்தன என்று பென்சிலில் குறித்து, தேதி போடுங்கள். ‘அணிந்து - ஹெல்மெட் செய்தி’ என்ற மாதிரி. சில வருடம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தைவிட அது சுவாரசியமாக இருக்கும்.

மிச்சம் விழுந்த சொற்களை டப்பாவில் திருப்பிப் போட்டுவிடுங்கள், அவசரமில்லை. என் சனிக்கிழமை அறையில் ‘ஆகையால்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஏதோ கூட்டுறவுச் சங்கத் தேர்தல் அறிவிப்பிலிருந்து வெட்டியது. மூன்று வருடமாக ஒவ்வொரு கவிதையிலும் வைத்துப் பார்க்கிறேன், எதிலும் உட்கார மாட்டேன் என்கிறது.